அதிகாலையில் ஜெனரேட்டர், அப்புறம் வெயில்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் கடலில் ஒரு மீன் பண்ணையில் வேலை செய்கிறேன். கரையிலிருந்து மின்சாரம் வராது. சோலார் பேனல், 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி எட்டு (48 வோல்ட்), 8 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். சாயங்காலம் ஜெனரேட்டரைப் போட்டால், பேட்டரி நிறைய நள்ளிரவு தாண்டிவிடுகிறது. டீசல் கணக்கைப் பார்த்து முதலாளி முகம் சுளிக்கிறார். சைலன்சர் வாயில் கறுப்பாக ஏதோ ஒழுகுகிறது. பேட்டரி போய்விட்டதா? லித்தியம் வாங்கலாமா?
– பொங்கோல் வாசகர்

பதில்: பேட்டரியை அப்புறம் பார்ப்போம். முதலில் ஜெனரேட்டர் போடும் நேரத்தை மாற்றுங்கள்.

ஈய-அமில பேட்டரி முதல் 80 சதவீதத்தை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் வோல்டேஜ் 57, 58-ல் நின்றுவிடும், ஆம்பியர் இறங்கிக்கொண்டே போகும். மிச்ச 20 சதவீதத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். உங்களுடையது 30 ஆம்பியர் சார்ஜர் என்றே வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 2 கிலோவாட் இழுக்கும், கடைசியில் 300, 400 வாட்தான். 8 கேவிஏ மெஷினுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சுமையில்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது. எரியாத டீசல் கரியோடு கலந்து புகைக்குழாய் வழியாக வழியும். நீங்கள் பார்த்த கறுப்பு அநேகமாக அதுதான். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் இதை நிறையத் துடைத்திருக்கிறேன், துணியில் பட்டால் போகவே போகாது.

இனி ஜெனரேட்டரைக் காலை 6 மணிக்குப் போடுங்கள். வலை கழுவும் பிரஷர் பம்ப், ஃப்ரீசர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே ஓட்டுங்கள். மெஷினுக்குப் பாதிச் சுமைக்கு மேல் கிடைத்தால் நல்லது. பேட்டரி 80 சதவீதம் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். இங்கே வருடம் முழுக்க 7 மணிவாக்கில் விடிந்துவிடும், அதனால் மிச்சத்தைப் பேனல் பார்த்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்குத் தேவையானது குறைந்த ஆம்பியரும் நிறைய நேரமும். வெயில் இரண்டையும் காசில்லாமல் தருகிறது. ராத்திரியே டீசலால் நிரப்பிவிட்டால், மறுநாள் வெயிலுக்குப் பேட்டரியில் இடமிருக்காது. இரவில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போல் இருந்தால் மட்டும் சமையல் நேரத்தில் கொஞ்சம் ஓட்டுங்கள்.

டிசம்பர், ஜனவரி மழையில் இந்தக் கணக்கு உதைக்கும். பேட்டரி நாள்கணக்கில் அரைகுறையாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். ஆகவே வாரம் ஒருமுறையாவது முழுசாக நிரம்ப வேண்டும். வெயிலே வராத வாரத்தில் டீசலை எரித்துத்தான் ஆக வேண்டும், முதலாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிரம்பியதா என்பதற்குச் சார்ஜரின் பச்சை விளக்கை நம்பாதீர்கள். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தை உறிஞ்சிப் பாருங்கள். எல்லாம் 1.265-க்குப் பக்கத்தில் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு செல் மட்டும் எப்போதும் பின்தங்கினால் கோளாறு அங்கேதான். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் பொங்கி வழியும்.

இன்னொன்று, சார்ஜரின் வெப்ப உணரியைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சார்ஜ் வோல்டேஜ் 25 டிகிரிக்குச் சொல்லப்படுவது. உங்கள் தகரப் பெட்டிக்குள் 35 டிகிரி இருந்தால் 48 வோல்ட் தொகுப்புக்கு ஏறக்குறைய 1 வோல்ட் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் உங்கள் வேலைக்குப் பொருத்தம்தான். அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது. பெரிய சார்ஜர் போட்டால் அதிக ஆம்பியர் வாங்கும், ஜெனரேட்டருக்கும் முறையான சுமை கிடைக்கும். ஆனால் ஈயத்துக்கு வைத்த சார்ஜர் அமைப்புகளை அப்படியே விடக்கூடாது. இருக்கிற எட்டும் ஹைட்ரோமீட்டரில் தேறினால், அவை ஓயும்வரை ஓட்டுங்கள். அந்தப் பணத்தில் இப்போதைக்கு இன்னும் இரண்டு பேனல் வாங்கச் சொல்லுங்கள்.