பதில்: ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

வணிக வளாகத் தீயில் அக்காவைப் பறிகொடுத்திருக்கிறீர்கள். உரிமையாளர் ஐந்து லட்சம் தந்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கேட்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

குற்ற வழக்கு முடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். இழப்பீட்டு வழக்கு தனி. 1855-ம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவும் அக்காவின் கணவர், பிள்ளைகள், பெற்றோருக்காகத்தான். தம்பி என்ற முறையில் உங்களுக்காகக் கேட்க முடியாது.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997-ல் 59 பேர் இறந்தார்கள். மின்மாற்றியில் பிடித்த தீ. வெளியேறும் வழியை மறித்துக் கூடுதல் இருக்கைகள். குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் திரையரங்குக்கு 85%, மின்வாரியத்துக்கு 15% என்று பொறுப்பைப் பிரித்தது. இழப்பீட்டுத் தொகையைக் குறைத்ததோடு, மாநகராட்சியையும் உரிமம் தந்த காவல்துறையையும் பொறுப்பிலிருந்து விடுவித்தது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அதனால் தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட வரைபட அனுமதி, ஆய்வறிக்கைகள் எல்லாவற்றையும் இப்போதே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மற்ற குடும்பங்களையும் தேடிப் பிடியுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், அம்மா பெயரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்; பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.