புது ரவுட்டர் வாங்கும் முன் ஒரு படத்தை ஏற்றிப் பாருங்கள்

கேள்வி: என் மகளின் திருமணப் படங்களும் வீடியோக்களும் சுமார் 20 ஜிபி போனில் இருக்கின்றன. மூன்று வாரமாக கூகுள் போட்டோஸில் ஏறவில்லை. இணைப்புக்காகக் காத்திருப்பதாகவே காட்டுகிறது. வைஃபை கோடு முழுதாக இருக்கிறது, யூடியூப் நன்றாக ஓடுகிறது. கடைக்காரர், 'ரவுட்டர் பழசு, 3,500 ரூபாய்க்குப் புதுசு போடுங்கள்' என்கிறார். போனிலும் இடமில்லை. ஏறியவரை போதும் என்று கொஞ்சம் படங்களை அழித்துவிடலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஒரு படத்தைக்கூட அழிக்காதீர்கள் அம்மா. எது ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று தெரியாத நிலையில் அழித்தால், போனில் இருப்பதுதான் ஒரே பிரதியாக இருக்கலாம். இப்படி நம்பி அழித்து, ஒரு குடும்ப விழாவின் படங்களை நான் மொத்தமாக இழந்திருக்கிறேன். இன்றே ஒரு யுஎஸ்பி வயர் போட்டு, எல்லாவற்றையும் லேப்டாப்பில் நகல் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இனி ரவுட்டர். வைஃபை கோடு, போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் சிக்னல் எப்படி என்பதை மட்டும்தான் சொல்லும். அதற்கு வெளியே லைன் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. யூடியூப் ஓடுவதும் சாட்சியாகாது. அது இறக்கும் வேகம், உங்களுக்கு வேண்டியது ஏற்றும் வேகம். ஸ்பீட் டெஸ்ட் செய்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் இருந்தால் 20 ஜிபி ஏற நாலரை மணி நேரம் ஆகும். தினசரி டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்த சிம்மில், 4 எம்பி படம் ஒன்றுக்கே எட்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

காசு செலவழிக்காமல் ஒரு சோதனை செய்யலாம். வைஃபையை அணைத்து, போட்டோஸின் பேக்கப் அமைப்பில் மொபைல் டேட்டாவை அனுமதித்து, ஏறாமல் நிற்கும் படங்களில் ஒன்றை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மீதிப் படங்களும் டேட்டாவைத் தின்றுவிடும்.

அந்தப் படம் ஏறவில்லை என்றால் ரவுட்டர்மேல் சந்தேகப்பட இப்போதைக்குக் காரணமில்லை, போனைப் பார்க்க வேண்டும். பேட்டரி சேமிப்பு, டேட்டா சேமிப்பு இரண்டும் பேக்கப்பை நிறுத்திவைக்கும். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் செயலி), விளம்பரத் தடுப்புக்காகப் போட்ட தனிப்பட்ட டிஎன்எஸ் (இணைய முகவரியைத் தேடித் தரும் அமைப்பு) இருந்தால் அவற்றையும் அணைத்துப் பாருங்கள். போனில் தேதி, நேரம் தவறாக இருந்தாலும் பாதுகாப்பு இணைப்பு மறுக்கப்படும். இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. நிரம்பினால் பேக்கப் நிற்கும், புது மெயிலும் வராமல் போகலாம்.

படம் ஏறிவிட்டால் கோளாறு உங்கள் வைஃபையில் அல்லது லைனில். வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க் 'மீட்டர்டு' (அளவுக் கட்டுப்பாடு உள்ளது) என்று குறிக்கப்பட்டிருந்தால், போன் அதை டேட்டா போலவே நினைத்துக்கொண்டு காத்திருக்கும். வேறு போனின் ஹாட்ஸ்பாட்டில் இது அடிக்கடி நடக்கும். அது சரியாக இருந்தால், லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் இணைத்து ஏற்றும் வேகத்தைப் பாருங்கள். கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் மோசமென்றால் கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேபிளிலும் மோசமென்றால் பெரும்பாலும் லைன் கோளாறு, புது ரவுட்டர் அதைத் தீர்க்காது. இணைய நிறுவனத்தில் புகார் செய்து எண் வாங்குங்கள். அவர்கள் அசையாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எல்லாம் ஏறியதும் வேறொரு கருவியில் திறந்து, நாலைந்து வீடியோக்களையாவது ஓட்டிப் பாருங்கள். இடம் காலி செய்ய, செயலியில் உள்ள 'இடத்தைக் காலியாக்கு' வசதியையே பயன்படுத்துங்கள். போட்டோஸில் நேரடியாக அழித்தால் கூகுளில் ஏற்றி வைத்த பிரதியும் சேர்ந்து போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள்தான் இருக்கும்.

கேள்வி: பணம் கட்டி கூகுளில் 100 ஜிபி இடம் வாங்கிவிட்டேன். வங்கியில் பணமும் போய்விட்டது. ஆனால் இன்னும் இடம் நிறைந்துவிட்டது என்றே வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், ஓசூர்)

பதில்: முதலில் போனில் எத்தனை ஜிமெயில் கணக்குகள் இருக்கின்றன என்று பாருங்கள். பணம் ஒரு கணக்கில் கட்டி, படங்கள் வேறு கணக்கில் ஏறிக்கொண்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. போட்டோஸில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் எந்தக் கணக்கு என்று தெரியும். பணம் கட்டிய ரசீது எந்த மெயிலுக்கு வந்திருக்கிறதோ அதுதான் 100 ஜிபி உள்ள கணக்கு. இரண்டும் வேறாக இருந்தால் மறுபடி பணம் கட்ட வேண்டாம். வாங்கிய இடத்தைக் குடும்பக் குழு வழியாக இன்னும் ஐந்து பேருடன் பகிரலாம், உங்கள் இன்னொரு கணக்கையும் அதில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.