வாசகர் கேள்வி: மாதா கோயில் வாசலில் மே மாதக் கச்சேரி

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எங்கள் பங்கு ஆலயத்தில், கோடைதோறும் மே மாத ஞாயிறு மாலைகளில் நாட்டுப்புற இசையும் மரபிசையும் நடத்துகிறோம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவன் என்பதால் ஏற்பாடு முழுக்க என் தலையில் விழுந்திருக்கிறது. கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன். ஒரு கூடை மாம்பழம் அனுப்பிய வேப்பனப்பள்ளிக்காரருக்குத் தனியாக நன்றி. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

ஐயா, மே மாதம் மாங்காய் பறிப்பு நேரம். ஆளும் கிடைக்காது, வெயிலும் தாங்காது. டிசம்பரில் வைத்தால் கூட்டம் தானாக வருமே?
(வாசகர், காவேரிப்பட்டினம்)

டிசம்பரில் பாடற்குழுவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மே மாதம் மாதாவின் வணக்க மாதம். மாலை ஜெபமாலைக்கு எப்படியும் ஜனம் கூடிவிடும். பிள்ளைகளுக்கு விடுமுறை; பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவதும் அப்போதுதான். பறிப்புக்குப் போகிறவர்கள் லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, குளித்துவிட்டு வந்து உட்கார ஏழு மணி ஆகும். ஆகவே ஏழு மணிக்குத் தொடங்குகிறோம்.

என் கவலை வெயில் அல்ல, கோடை மழை. நான்கு மணி வரை ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆறு மணிக்குச் சூறைக்காற்று வந்து பந்தலைத் தூக்கிப் போடும். இன்னொரு தொல்லையும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலமும் இதுவே என்பதால் நல்ல கூத்துக் குழு எதுவும் சும்மா இருக்காது. தை பிறந்ததுமே வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துத் தேதி வாங்காவிட்டால் கிடைக்காது.

மாதா கோயிலில் பறை அடிக்கலாமா? சாவுக்கு அடிப்பது ஆயிற்றே என்று என் மாமனார் முகம் சுளிக்கிறார்.
(வாசகி, தேன்கனிக்கோட்டை)

எருது விடுகிற இடத்திலும் ஊர்ப் பண்டிகையிலும் இதே பறைக்கு உங்கள் மாமனார் கால் தட்டியிருப்பாரே அம்மா, அதை நினைவுபடுத்துங்கள்.

மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005) கிராமத்து மெட்டிலும் தாளத்திலும் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். ராகம் போட்டுப் பாடினால்தான் பக்தி, நடவு மெட்டில் பாடினால் அது விளையாட்டு என்ற நினைப்பை அவர் ஏற்கவில்லை. பறையை ஆராதனைக்குள் அழைத்து வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையிலும், அந்தந்த மண்ணின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது.

முகச் சுளிப்பு தோலைப் பார்த்து வருவதில்லை, அதை அடிக்கிற கையைப் பார்த்து வருகிறது. இது உங்கள் மாமனாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். பாட்டுக் கச்சேரிக்கு வருகிற வித்வானுக்கு என்ன சம்பளமோ, பறைக் குழுவின் ஆசானுக்கும் அதே சம்பளம். சாப்பாடு ஒரே பந்தி. மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு, கீழே கவரில் பாதிக் காசு வைக்கிற வழக்கத்தை நான் எத்தனையோ விழாவில் பார்த்துப் புழுங்கியிருக்கிறேன்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். பறையை அடிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். மழை ஈரம் பட்ட தோல் தொளதொளவென்று பேசும். வைக்கோல் தீயில் வாட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று வந்த பிறகுதான் தோளில் மாட்டுவார்கள். சட்டத்தில் தோலை ஒட்டுவது புளியங்கொட்டைப் பசை என்பதால் சூடு மிஞ்சினாலும் வம்பு. இந்தத் தீக்கு ஓர் இடம் முதலிலேயே ஒதுக்குங்கள். எங்களுக்குக் கெபிக்கு, அதாவது மாதா சிலை வைத்த குகைக்குப் பின்புறம். பந்தலுக்கும் காற்றுக்கும் எதிர்ப்பக்கம் பார்த்து, ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் வைத்துவிடுகிறார் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை. தீயே வேண்டாத பிளாஸ்டிக் தோல் பறையும் வந்துவிட்டது. தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

கைதட்டலாமா?
(மாணவி, பாலக்கோடு)

தாராளமாகத் தட்டலாம், பாட்டு முடிந்த பிறகு. ஆலாபனை நடுவில் தட்டினால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

எங்கள் ஆலயத்தின் உள்ளே நடத்தினோம். பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டு வாடகைக்கு எடுத்துப் பீடத்தின் இருபுறமும் வைத்தோம். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஒரே இரைச்சல். மைக் செட்காரர் மைக்தான் சரியில்லை என்கிறார்.
(பாடற்குழு உறுப்பினர், ஓசூர்)

மைக்கை விடுங்கள் தம்பி, சுவரைப் பாருங்கள். உயரமான கூரை, வழவழப்பான சுவர், டைல்ஸ் தரை. ஒலி எங்கே போய் அடங்கும்? ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. பின்சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். பம்பைக்காரர் நொடிக்கு எட்டு அடி அடித்தால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எட்டில் ஒரு பங்கு நொடிதான் இருக்கிறது. முதல் அடியின் எதிரொலி வந்து சேர்வதும் இரண்டாம் அடி விழுவதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடக்கும். கூரையிலிருந்தும் பக்கச் சுவர்களிலிருந்தும் திரும்புவது வேறு. அந்த நிலையில் பாக்ஸின் ஒலியைக் கூட்டக் கூட்டக் குழப்பமும் கூடும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் விட்டார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வரச் சொல்லி, ஒவ்வொன்றாக அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். பொருள்கள் ஒலியை எவ்வளவு விழுங்குகின்றன என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது அல்லவா?

ஆகவே முதல் வேலை, ஜன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். பெரிய பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறிய ஸ்பீக்கர்களைத் தூண்களில், ஜனங்களுக்குப் பக்கத்தில், குறைந்த ஒலியில் வையுங்கள். காலியான கோயிலில் ஒத்திகை பார்த்து ஒலியை முடிவு செய்யாதீர்கள். ஆள் நிறைந்தால் எல்லாம் மாறிவிடும். தனிக்குரல், புல்லாங்குழல், வீணை, நிதானமான கீர்த்தனை ஆகியவற்றை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அதிர்வு அவற்றுக்கு அழகு சேர்க்கும். பறை, பம்பை, உடுக்கை, நாதஸ்வரம் எல்லாம் கொடிமரத்தடிக்கு. அவை வெட்டவெளிக்காகவே பிறந்த வாத்தியங்கள்.

ஐந்து ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட் வைத்தால் செலவுக்கு ஆகுமே? பங்குத்தந்தை மறுக்கிறார்.
(பங்குப் பேரவை உறுப்பினர், தருமபுரி)

அவர் மறுப்பது சரி. ஆலயங்களில் கச்சேரி நடத்துவது பற்றி ரோமிலிருந்து வழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5 அன்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. உள்ளே நடக்கும் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் கூடாது, எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எழுத்து மூலம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பாடுவோர் பீடப் பகுதியில் உட்காரக் கூடாது. நற்கருணையை (பேழையில் வைத்த அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) இயன்றவரை வேறு தகுந்த இடத்துக்கு மாற்றிவைக்க வேண்டும். உடை இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஏதாவது உடைந்தால் நடத்துபவர் பொறுப்பு என்று எழுதியும் கொடுக்க வேண்டும். இதெல்லாம் ஆலயத்தின் உட்புறத்துக்கு. முற்றத்தில் நடத்தினால் பாதிச் சிக்கல் இல்லை.

செலவுக்கு வழி? எங்கள் அன்பியப் (பங்கின் சிறு குடும்பக் குழு) பெண்கள் வாசலில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் விற்கிறார்கள். வித்வான் சம்பளம் அதில் வந்துவிடுகிறது என்று பெருமையாகச் சொல்லமாட்டேன். பாதி வருகிறது. மீதி உண்டியல்.

என் மகள் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். நாங்கள் இந்துக்கள். உங்கள் மேடையில் அவள் என்ன பாடலாம்?
(வாசகி, ஊத்தங்கரை)

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் (1826–1889) பாடச் சொல்லுங்கள். மாவட்ட முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர். எந்தச் சமயத்தவரும் பாடும்படி அவர் எழுதியவைதான் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள். உங்களுக்கும் சங்கடமில்லை, எங்களுக்கும் சங்கடமில்லை. கொஞ்சம் துணிந்தால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரிடம் (1774–1864) போகலாம். குறவஞ்சி வடிவத்தை அப்படியே எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அதில் குறி சொல்கிற இடங்களில் நாட்டுப்புறச் சந்தம் துள்ளும். இதே தஞ்சையில்தான் ஆபிரகாம் பண்டிதர் சங்கீத மாநாடுகள் கூட்டி, வித்வான்களோடு சுருதிக் கணக்குக்கு மல்லுக்கட்டி, 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். தேவாலயத்துக்கும் தமிழிசைக்கும் நேற்று ஏற்பட்ட உறவா இது?

கச்சேரிக்கு ஒரு மணி நேரம் தருகிறோம். சினிமாப் பாட்டு வேண்டாம், அது மட்டும் கண்டிப்பு.

நம் மாவட்டத்துக்கும், தேவாலய இசையும் நம் இசையும் இப்படிக் கலப்பதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(வாசகர், சூளகிரி)

உங்களுக்குப் பக்கத்தில்தானே தொரப்பள்ளி. அங்கே 1878இல் பிறந்த ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனைப் பாடல் எழுதினார். எம்.எஸ். சுப்புலட்சுமி அதை 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். மேற்கத்திய முறையில் அதற்கு இசை அமைத்துக் கொடுத்தவர் தேவாலய இசையில் ஊறிய ஹேண்டல் மானுவல். இதைவிட என்ன தொடர்பு வேண்டும்?

தெருக்கூத்தை ஆலய வளாகத்தில் நடத்துவீர்களா? அதுவும் பாரதக் கூத்தையா? அரைமணி நேரமாகச் சுருக்கினால் பிள்ளைகள் பார்ப்பார்களே.
(ஆசிரியர், பர்கூர்)

வளாகத்தில் கூத்து நடத்த எனக்குத் தடையில்லை. பாரதமா என்றால், அது திரௌபதி அம்மன் சந்நிதியில், விரதம் இருந்து, படுகளம் என்ற போர்க்கள நிகழ்வில் துரியோதனன் மண்ணுருவைச் சிதைக்கிற சடங்கோடு சேர்ந்தது. அங்கே போய்ப் பார்ப்பதுதான் மரியாதை. நம் கிறிஸ்தவ ஊர்களிலும் ஞானசௌந்தரி, மூவரசர் என்று கூத்தும் நாடகமும் இருந்தன. அவற்றைத் தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

அரைமணிக்குச் சுருக்குவதுதான் எனக்கு ஆகாது. வேடம் கட்டவே அதைவிட அதிக நேரமாகிறது. அரிதாரம் பூசி, கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜக்கட்டையும் கிரீடமும் ஏற்றி, இருவர் திரை பிடிக்க, உள்ளிருந்து ராஜா பாடப் பாட, கோமாளியான கட்டியங்காரன் வெளியே நின்று கிண்டல் செய்துகொண்டிருப்பான். முகம் தெரிய எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதில்தான் ருசி. திரையை உடனே இறக்கச் சொன்னால் என்ன மிச்சம்? ஒரே கட்டத்தை எடுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் கொடுங்கள், அது போதும்.

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் வாத்தியத்துக்கும் சட்டம் இடம் தராது. நடுநிசி வரை நீட்டிக்க அரசு தனியாக அனுமதி தர வேண்டும், அதுவும் ஆண்டில் சில நாட்களுக்குத்தான். ஆகவே பத்துக்குள் முடித்துவிடுங்கள். கூத்துக்கு மைக்கும் தேவையில்லை. முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் ஏன் அவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டிய வாத்தியம் அது. ஆர்மோனியம் வந்தபின் அதை ஓரங்கட்டியதில் என்னைப் போன்ற ஆர்மோனியக்காரர்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் முகவீணைக்காரர் இருக்கும் குழுவாகப் பார்த்துத்தான் நான் அழைப்பேன்.

தளிப் பக்கம் எங்கள் வீட்டில் கன்னடம், சம்பந்தி வீட்டில் தெலுங்கு. ராகி அரைக்கிற பாட்டு எங்கள் மொழியில்தான் வரும். பாடலாமா?
(வாசகி, தளி)

வாருங்கள் அம்மா. திரிகைக் கல்லையும் கொண்டுவந்துவிடுங்கள், அதுதான் உங்கள் பாட்டுக்குச் சுருதி. பொருளை மட்டும் முன்னால் இரண்டு வரியில் தமிழில் சொல்லிவிடுங்கள்.

கீபோர்டில் தவில், உடுக்கை எல்லாமே இருக்கிறது. செலவு மிச்சம். வாசிக்கட்டுமா?
(இளைஞர், அரூர்)

வேண்டாம்.

என் பாட்டி தவக்காலத்தில் மாதாவின் வியாகுலத்தைப் புலம்பலாகப் பாடுவார். கேட்டால் கல்லும் கரையும். மேடை ஏறச் சொன்னால் ஓடிவிடுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
(வாசகர், போச்சம்பள்ளி)

மேடை ஏறச் சொல்லாதீர்கள். முற்றத்தில் ஒரு பாய் போடுங்கள். அவர் வயதுப் பெண்கள் நான்கைந்து பேர் சுற்றி உட்காரட்டும். மைக்கை முகத்துக்கு நேரே நீட்டாமல், பாயின் ஓரத்தில் தாழ வையுங்கள். புலம்பலில் ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் எடுத்துக்கொள்வார் என்பதால் துணைக்குரல் இல்லாமல் அவரால் பாடவே முடியாது. நீங்கள் வீட்டில் தனியாகப் பாடச் சொல்லியிருப்பீர்கள், அதற்குத்தான் ஓடியிருப்பார். "ஐந்து நிமிடத்தில் முடித்துவிடு ஆயா" என்று யாரும் சொல்லக் கூடாது. மே மாதம் தவக்காலம் இல்லையே என்று அவரே கேட்டால், பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டோம் என்று சொல்லுங்கள். உண்மையாகவே கேட்டும் விடுங்கள். செல்பேசியில் பதிவு செய்வதானால் அவரிடம் அனுமதி வாங்குங்கள். மே இரண்டாம் ஞாயிறு அவருக்கு. சம்பளக் கவரை அவர் கையில்தான் தருவேன் தம்பி, உங்கள் கையில் தரமாட்டேன்.