கல் இருந்தால் காபி கூடாதா?

கேள்வி: ஸ்கேனில் சிறுநீரகத்தில் கல் தெரிந்ததிலிருந்து வீட்டில் எனக்குக் காபி தருவதில்லை. அவ்வளவு கெடுதலா டாக்டர்?

பதில்: இல்லை. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், காபி, தேநீரில் உள்ள ஊக்கப்பொருளான காஃபீனை அதிகம் உட்கொண்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாக உட்கொண்டவர்களைவிட 26 முதல் 31 சதவீதம் வரை குறைந்திருந்தது. வீட்டாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காஃபீன் சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும் என்கிறார்களே. கல்லும் பெரும்பாலும் கால்சியம்தானே?

பதில்: இரண்டும் உண்மை. ஆனால் கால்சியம் மட்டும் சேர்ந்து கல்லாகிவிடாது; அது எவ்வளவு நீரில் கரைந்திருக்கிறது, அதோடு சேர்ந்து படிகமாகும் ஆக்சலேட் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பிடி உப்பு அரை டம்ளர் நீரில் அடியில் தங்கும், ஒரு குடம் நீரில் இருந்த இடம் தெரியாது. அதே ஆய்வில் காஃபீன் அதிகம் எடுத்தவர்களின் சிறுநீரில் கால்சியம் சற்றுக் கூடியிருந்தது. சிறுநீரின் அளவும் கூடியிருந்தது, ஆக்சலேட் குறைந்திருந்தது. மொத்தத்தில் படிகம் கட்டும் போக்கு குறைவு. காஃபீன் நீக்கிய காபி குடித்தவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஆகவே பெருமை முழுவதும் காஃபீனுக்கே உரியதல்ல.

கேள்வி: தேநீரில் ஆக்சலேட் அதிகமாமே. நிறுத்திவிடட்டுமா?

பதில்: இரண்டு மூன்று கோப்பைக்காக நிறுத்த வேண்டாம். பால் சேர்த்தால், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சிறுநீரகத்துக்குப் போவது குறையும். 2013-இல் வந்த ஆய்வில் தேநீர் குடிப்பவர்களுக்குக் கல் அபாயம் 11 சதவீதம் குறைவாகவே இருந்தது. அளவு மீறினால் கதை வேறு. தினமும் 16 டம்ளர் ஐஸ் டீ குடித்துவந்த 56 வயதுக்காரருக்குச் சிறுநீரகமே செயலிழந்து டயாலிசிஸ் வரை போனதை 2015-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் சிறுநீரில் ஆக்சலேட் அதிகம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், கடுந்தேநீரைக் குறைப்பதே நல்லது.

கேள்வி: இரவு வேலையில் கோலாவும் எனர்ஜி டிரிங்கும்தான் துணை. அவற்றிலும் காஃபீன் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. கூடவே சர்க்கரையும் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு உண்மையில் கவலை தருவது இந்தப் பழக்கம்தான். முன் சொன்ன 2013 ஆய்வில், தினமும் சர்க்கரை சேர்த்த கோலா குடித்தவர்களுக்கு, வாரம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட 23 சதவீதம் அதிக அபாயம். அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை சிறுநீரில் கால்சியத்தையும் யூரிக் அமிலத்தையும் ஏற்றக்கூடியது. விழித்திருக்க வேண்டுமென்றால் சர்க்கரையில்லாத காபியும், பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

கேள்வி: நான் காபியே குடிப்பதில்லை. கல் வராமலிருக்கத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். இவையெல்லாம் மக்களின் பழக்கத்தைக் கவனித்துச் சொன்னவை. காபியை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தவை அல்ல. தண்ணீரை அப்படிக் கொடுத்தே பார்த்திருக்கிறார்கள்: 1996-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், முதல் கல் வந்தவர்களில் நிறையத் தண்ணீர் குடித்த பிரிவில் ஐந்தாண்டுக்குள் 12 சதவீதத்தினருக்கும், மற்ற பிரிவில் 27 சதவீதத்தினருக்கும் கல் திரும்பியது.

கேள்வி: எவ்வளவு குடித்தால் போதும்?

பதில்: குடிப்பதை அல்ல, வெளியேறுவதை அளவுகோலாக வையுங்கள். கல் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். ஒரு நாள் முழுவதும் சேகரித்து அளந்து பாருங்கள். இதயம் அல்லது சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.