கேள்வி பதில்: ஃபிலிம் கேமராவை விற்கச் சொல்கிறான் மகன்

கேள்வி: 1984இல் வாங்கிய நிக்கான் எஃப்எம்2 இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதம் ஒரு கறுப்பு வெள்ளை ரோல் எடுத்து வீட்டிலேயே கழுவுகிறேன். ரோல் விலை ஏறிக்கொண்டே போகிறது. டிஜிட்டலே போதும், இதை விற்றுவிடுங்கள் என்கிறான் மகன். ஃபிலிம்தான் உயர்ந்தது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், தோ பாயோ

பதில்: புரியவைக்க வேண்டாம் ஐயா, அது உண்மை இல்லை. தைப்பூசத்தன்று விடியுமுன் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பும்போது 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) ரோலோடு நீங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதே வெளிச்சத்தில் இன்றைய டிஜிட்டல் கேமராவில் 6400 வைத்துக் கையில் பிடித்தே எடுத்துவிடலாம்.

ஆனால் கேமராவை விற்காதீர்கள். ஃபிலிமில் காட்சியின் இருண்ட பகுதியைப் பார்த்து வெளிச்ச அளவு வைப்போம், வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனாலும் வெள்ளை வேட்டியின் மடிப்பு நெகட்டிவில் தங்கிவிடும். டிஜிட்டலில் தலைகீழ், ஒரு தடவை வெளுத்துப்போனால் பிறகு மீட்க அங்கே எதுவுமே இருக்காது. 36 படத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நின்று பார்த்துப் பழகிய கண் உங்களுடையது, அதைக் கைவிட மனம் வராதது பிடிவாதம் ஆகாது. கழுவுவதும் அப்படித்தான். ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர் திரவத்துக்கு வழக்கமான சூடு 20 டிகிரி, நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28. ஐஸ் போட்ட வாளியில் பாட்டிலை இறக்கிவிட்டு, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நானும் எத்தனையோ இரவு உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் பழைய நெகட்டிவ்கள்தான். என் அப்பா எடுத்தவை ஒரு பிஸ்கட் டின்னில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பல வருடம் கழித்துத் திறந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு முழுக்கப் பூஞ்சை. சிராங்கூன் ரோட்டுத் தீபாவளி, பாட்டியின் முகம், எல்லாம் போய்விட்டது. இன்றைக்கும் ஆறவில்லை. சிங்கப்பூர் ஈரம் லென்ஸையும் விடாது. அதனால் கேமரா, லென்ஸ், நெகட்டிவ் எல்லாவற்றையும் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் அலமாரியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள், பிவிசி உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள்.

அப்புறம் மகனைக் கூப்பிடுங்கள். நெகட்டிவை ஒரு எல்இடி லைட் பேட் மேல் வைத்து, அவனுடைய டிஜிட்டல் கேமராவில் மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் மாட்டி நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை என்பதால் கணினியில் வெளிச்சத்தையும் இருளையும் மாற்றிப் போட்டாலே படம் வந்துவிடும். யார், எந்த வருடம், எந்த வீடு என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொள்ளட்டும். உறை இல்லாமல் சுருட்டி வைத்த ரோல்கள் ஏதாவது இருந்தால் இந்த வாரமே அவற்றிலிருந்து தொடங்குங்கள்.