ட்ரம்பெட் சத்தத்துல காத்தடிக்குதா? மவுத்பீஸ் கடைக்கு ஓடாதீங்க, ஏஜெண்ட் பக்கமே போகாதீங்க

தூத்துக்குடி பக்கத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். சர்ச் பேண்ட்ல நாலஞ்சு வருஷமா ட்ரம்பெட் வாசிக்கிறாராம், சீசன்ல கல்யாண செட்டுக்கும் போவாராம். ஏர்ஃபோர்ஸ்ல அக்னிவீர் வாயு மியூசிஷியன் ரேலிக்கு, அதாவது வாத்தியம் வாசிக்கிறவங்கள 4 வருஷ வேலைக்கு எடுக்குற தேர்வுக்குப் போகணும்னு ஆசை. ஆனா சத்தத்துல காத்து கலந்து வருது, மேல் நோட்டுக்குப் போனா பிசிறுது. ஒருத்தர் புது மவுத்பீஸ் (உதட்ட வச்சு ஊதுற முனை) வாங்குன்னு சொல்றார், இன்னொருத்தர் 2 லட்சம் குடுத்தா செலக்‌ஷன் கன்ஃபர்ம்ங்கிறார். என்ன செய்யட்டும்னு கேக்குறார்.

தம்பி, மொதல்ல அந்த 2 லட்சத்துக்காரர பத்தி பேசிடுவோம். ஒரு பைசா குடுக்காத. இவங்க பொழப்பு எப்படின்னா பத்து பசங்ககிட்ட பணம் வாங்கிடுவாங்க, அதுல ஒருத்தனோ ரெண்டு பேரோ சொந்தத் திறமைல செலக்ட் ஆவான், அந்தப் பணத்த "நான்தான் முடிச்சுக் குடுத்தேன்"னு வச்சுக்குவாங்க, மத்தவனுக்கு "அடுத்த ரேலில பாத்துக்கலாம்"னு சொல்லி இழுப்பாங்க. கேட்டா உள்ள நம்ம ஆளு இருக்காருன்னு ஒரே பாட்டு. பணத்தவிட மோசம், சில பேர் பத்தாங்கிளாஸ் ஒரிஜினல் மார்க் ஷீட்ட வாங்கி வச்சுக்குறாங்க, அப்புறம் அத திருப்பி வாங்கவே தனியா பணம் கேப்பாங்க. ஒரிஜினல எவன் கைலயும் குடுக்காத, அவன் உங்க சர்ச்சுக்கு வர்ற ஆளா இருந்தாலும் சரி. அபிஷியல் நோட்டிபிகேஷன்ல என்ன ஃபீஸ் போட்டிருக்கோ அதுக்கு மேல யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்ல.

இப்ப சத்தத்துக்கு வருவோம். காத்து கலந்து வருதுன்னா காரணம் ஒண்ணு உன் உதட்டுல இருக்கும், இல்லனா ட்ரம்பெட்ல எங்கயாவது லீக் இருக்கும். லீக்க மொதல்ல பாத்துடு, ஒரு நிமிஷ வேலை. வால்வ் (விரலால அமுக்குற பட்டன்) எதையும் அமுக்காம ஃபர்ஸ்ட் வால்வ் ஸ்லைட, அதாவது அந்த வால்வோட சேந்த இழுக்குற குழாய, வெளிய இழு, இழுத்தபடியே வச்சுகிட்டு இப்ப ஃபர்ஸ்ட் வால்வ அமுக்கு. 'டப்'புனு ஒரு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா அங்க காத்து போகுது, வால்வ் தேஞ்சிருக்கலாம், ஸ்லைட் லூசா இருக்கலாம். வாட்டர் கீ (உள்ள சேர்ற தண்ணிய வெளிய விடுற ஓட்டையோட மூடி) கார்க்கையும் பாரு, அது காஞ்சு நொறுங்கி இருந்தாலே பாதி சத்தம் போயிடும், மாத்துறதுக்கு பெரிய செலவு இல்ல. வால்வுக்கு தேங்காய் எண்ணெய் விடுறத நிறுத்து, வால்வ் ஆயில் வாங்கு.

லீக் இல்லன்னா விஷயம் உதடுதான். சுதி சேக்குறதுக்கு இழுக்குற பெரிய வளைவுக் குழாய், அதான் ட்யூனிங் ஸ்லைட, முழுசா உருவி வச்சுட்டு, மவுத்பீஸ மாட்டி மிச்சம் இருக்கிற நேர் குழாய்ல மட்டும் ஊது. கீபோர்டுல நடு சி-க்கு மேல இருக்கிற ஈ ஃப்ளாட் பக்கத்துல ஒரு நோட்டு தானா வரும். அது அசையாம, கொழகொழன்னு இல்லாம நிக்கணும். அதவிட ரொம்ப மேல வந்தா நீ உதட்ட இறுக்கி அமுக்குறன்னு அர்த்தம். கல்யாண செட்ல ரோட்டுல நடந்துகிட்டே மூணு மணி நேரம் ஃபுல் சத்தத்துல ஊதுறவங்களுக்கு இது கண்டிப்பா வரும், உதடு களைச்சதும் கை தானா ட்ரம்பெட்ட வாயோட சேத்து அழுத்தும், ரத்த ஓட்டம் நின்னு உதடு துடிக்காம போயிடும், அப்புறம் வர்றதெல்லாம் காத்துதான். மேல் நோட்டு பிசிறுறதும் இதே கதைதான்.

இதுக்கு மருந்து மெதுவா ஊதுறது. காலைல எழுந்ததும் வேகமா பாட்டு வாசிக்காத. நடு ஜி நோட்டுல ஆரம்பிச்சு, பக்கத்து ரூம்ல தூங்குறவங்க எந்திரிக்காத அளவு சன்னமா, மூச்சு தீர்ற வரைக்கும் ஒரே நோட்டு. ஆரம்பத்துல எப்படி இருந்துச்சோ முடியும்போதும் அப்படியே இருக்கணும். அப்புறம் வால்வ் அமுக்காம, நாக்கு தட்டாம, லோ சி-லருந்து ஜி-க்கு, ஜி-லருந்து அடுத்த சி-க்கு ஏறி இறங்கு. 15 நிமிஷம் வாசிச்சா 15 நிமிஷம் உதட்டுக்கு ரெஸ்ட். ரெண்டு மாசம் இத ஒழுங்கா செஞ்சாலே சத்தம் மாறும்.

மவுத்பீஸ் மாத்தாதன்னு சொல்றேன். அதுலயும், ஹை நோட் ஈசியா வரும்னு சொல்லி ஆழம் கம்மியான மவுத்பீஸ கட்டிவிடுற கடைக்காரங்கள நம்பவே நம்பாத, சத்தம் இன்னும் ஒல்லியாயிடும். யமஹா 11பி4, பாக் 7சி மாதிரி சாதாரண மவுத்பீஸ் உனக்கு தாராளமா போதும். ஆனா ரெண்டு கேஸ்ல மாத்தியே ஆகணும், அத நீயே இப்ப எடுத்துப் பாரு. நம்ம ஊர் செட்டுகள்ல பழைய கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியே இருக்கிற இன்னொரு வாத்தியம்) மவுத்பீஸ ட்ரம்பெட்ல மாட்டி வச்சிருப்பாங்க. கார்னெட் மவுத்பீஸோட அடிக்குழாய் ஒல்லியா இருக்கும், ட்ரம்பெட்ல போட்டா ஆடும், இல்ல தேவைக்கு மேல உள்ள போயிடும், ஆடாம இருக்க டேப் சுத்தி வச்சிருப்பாங்க. உன்னோடதுல டேப் சுத்தியிருக்கா? இருந்தா நீ எவ்வளவு ப்ராக்டீஸ் பண்ணாலும் சத்தம் சரியாகாது, சுதியும் எல்லா நோட்டுலயும் ஒரே மாதிரி நிக்காது, இத்தன நாள் உன்மேல தப்புன்னு நெனச்சது எல்லாம் அந்த டேப்போட தப்பா இருக்கலாம். அதே மாதிரி உதடு படுற விளிம்புல வெள்ளிப் பூச்சு தேஞ்சு பித்தளை தெரிஞ்சா அதையும் தூக்கிப் போடு, உதடு அரிக்கும், வீங்கும். இந்த ரெண்டுல எது இருந்தாலும் ஒரு சாதா ட்ரம்பெட் மவுத்பீஸ் வாங்கு.

மீரட்ல செஞ்ச ட்ரம்பெட்டா உன்னோடது? இருந்தாலும் பயப்படாத, அதுல வாசிச்சு மேல வந்தவங்க நிறைய. ஆனா தேர்ட் வால்வ் ஸ்லைட் இறுகி அசையாம இருக்கும், அத க்ரீஸ் போட்டு அசையுற மாதிரி செய். லோ டி-யும் அதுக்குக் கீழ சி ஷார்ப்பும் எந்த ட்ரம்பெட்லயும் சுதி ஏறித்தான் இருக்கும், அந்த நேரம் ஸ்லைட வெளிய தள்ளணும்.

டெஸ்ட்ல என்ன கேப்பாங்கன்னு நெறைய வதந்தி. உன் வாத்தியத்த தாளமும் சுதியும் தப்பாம வாசிக்கணும், நீயே ட்யூன் பண்ணணும், அவங்க வாசிக்கிற இல்ல பாடுற நோட்டக் கேட்டு அதே நோட்டப் பிடிக்கணும், ஒரு முழுப் பாட்டு வாயால பாடணும். பாட்டு விஷயத்த நம்ம பசங்க சுத்தமா விட்டுட்டுப் போய் நிக்கிறாங்க! இன்னைலருந்தே பாடு. நோட்டப் பிடிக்கும்போது ஞாபகம் வச்சுக்கோ, உன்னோடது பி ஃப்ளாட் ட்ரம்பெட், நீ சி வாசிச்சா கீபோர்டு கணக்குல பி ஃப்ளாட்தான் கேக்கும், அதனால அவங்க கீபோர்டுல சி அமுக்கினா நீ டி வாசிக்கணும். தினமும் ஒரு நோட்ட ஃபோன்ல போட்டுக் கேளு, வாயால பாடு, அப்புறம் ஊது.

ஸ்டாஃப் நோட்டேஷன் (அஞ்சு கோட்டுல எழுதுற மேற்கத்திய இசைக் குறிப்பு) தெரியலன்னா வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயமுறுத்தி அகாடமிங்க 'க்ராஷ் கோர்ஸ்' விக்கிறாங்க. டானிக் சோல்ஃபா (டோ ரே மி முறை), கர்நாடக ஸ்வரம் இதையும் ஏர்ஃபோர்ஸ்ல ஒத்துக்குறாங்க. உனக்கு எது சரளமோ அதுல போ. லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்துற இசைப் பரீட்சைல கிரேடு முடிச்சா நல்லதுதான், ஆனா அந்த பேப்பர காட்டி தப்பிக்க முடியாது, அங்க ஊதித்தான் ஆகணும்.

எனக்கு ஆத்திரம் எங்க வருதுன்னா, நம்ம மாவட்ட அரசு இசைப்பள்ளிகள்ல நாதஸ்வரம் இருக்கு, தவில் இருக்கு, வயலின் இருக்கு, ட்ரம்பெட் சொல்லித்தர ஒரு வாத்தியார் கிடையாது. பேண்ட் மாஸ்டருங்க தெரிஞ்சத வச்சு பசங்கள உருவாக்குறாங்க, நோட்டிபிகேஷன் வருது இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும், பையன் படிச்சுப் புரிஞ்சுக்க ஏஜெண்ட்கிட்ட போறான், அங்கதான் மாட்டுறான். அதனால நீயே ஒரு டீச்சர்கிட்ட உக்காந்து வரி வரியா படிச்சுக்கோ. வாத்தியம் நீ கொண்டு போகணுமா, வயசு எந்தத் தேதிலருந்து எந்தத் தேதிக்குள்ள, எல்லாம் அதுலயே இருக்கும், ஒவ்வொரு தடவையும் மாறும். வேலை 4 வருஷம்தான், அதுக்கப்புறம் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் தொடர்ந்து இருக்க முடியும், இதையும் வீட்ல சொல்லிடு.

1.6 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கு, மெடிக்கல்ல பல்லும் பாப்பாங்க. முன்பல் ஆடுனா இப்பவே டாக்டர்கிட்ட போ, அது உன் சத்தத்துக்கும் வேணும். ரேலிக்கு முன்னாடி ஒரு வாரம் கல்யாண ஆர்டர் எதுவும் ஒத்துக்காத, மாஸ்டர் கோவிச்சுகிட்டாலும் பரவால்ல, உன் இடத்துக்கு வேற ஒரு பையன ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டுப் போ.