வெனிசுவேலா விடுதலைப் போரில் ஏழை மக்கள் ஏன் ஸ்பெயின் மன்னர் பக்கம் நின்றார்கள்?

முதலில் அறிவிக்கப்பட்ட விடுதலையில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

தொடக்கம் ஏறக்குறைய நாடகம் போல இருந்தது. நெப்போலியன் ஸ்பெயின் மன்னரைச் சிறைபிடித்திருந்த சமயம். 1810 ஏப்ரல் 19 அன்று வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் ஸ்பெயினின் ஆளுநர் எம்பரான் மாடத்தில் வந்து நின்று, "நான் நீடிக்க வேண்டுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற மதாரியாகா என்ற பாதிரியார் 'வேண்டாம்' என்று சைகை காட்ட, கூட்டமும் அதையே கத்தியது. எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எம்பரான் விலகிக்கொண்டார்.

ஆட்சி கொக்கோ தோட்ட முதலாளிகளின் கைக்குப் போனது. 1811இல் குடியரசு அறிவித்தார்கள். சட்டத்தில் நிறப் பாகுபாடு நீங்கியது. ஆனால் சொத்து இருந்தால்தான் ஓட்டு. அடிமை வணிகத்துக்குத் தடை விதித்தவர்கள் அடிமைமுறையில் கைவைக்கவில்லை. தெற்கே சமவெளிகளில் மாடு பிடித்துப் பிழைத்த யானெரோ குதிரைக்காரர்களோ, இனி அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே நடமாடவே கூடாது! மன்னர் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தார், பண்ணையார் கண்ணெதிரே இருந்தார். யார்மேல் கோபம் வரும்?

1812 மார்ச்சில், பெரிய வியாழனன்று, நிலநடுக்கம் கராகஸைத் தரைமட்டமாக்கியது. கடவுள் கொடுத்த தண்டனை என்று பாதிரிமார் பிரசங்கம் செய்தார்கள். அந்த ஜூலையிலேயே முதல் குடியரசு மன்னர் படையிடம் சரணடைந்தது. தப்பிப் போயிருந்த விடுதலைப் படைத் தலைவர் சிமோன் பொலிவார் 1813இல் திரும்பி வந்து கராகஸைப் பிடித்தார். ஆனால் போவெஸ் என்ற ஸ்பானியர், வெள்ளையரின் சொத்து உங்களுக்கே என்று சொல்லி யானெரோக்களைத் திரட்டி, 1814இல் இரண்டாம் குடியரசையும் மிதித்துத் தள்ளிவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் உரிகா போரில் போவெஸ் ஈட்டி குத்தி இறந்தார். அவர் படையோ அந்தப் போரிலும் வென்றது.

பொலிவாருக்குப் பாடம் புரிந்தது அதற்கப்புறம்தான் என்பது என் கணிப்பு. ஹைட்டியின் அதிபர் பெத்தியோன், அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆயுதம் கொடுத்தார். 1817இல் எதிரிகளிடம் பறித்த நிலத்தைப் படைவீரர்களுக்குப் பங்கிட பொலிவார் சட்டம் போட்டார். யானெரோ தலைவர் பாயெஸும் அவரோடு சேர்ந்தார். பாயெஸின் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்றால், 1818இல் அபூரே ஆற்றைக் கடக்கப் படகு இல்லாதபோது ஐம்பது பேர் குதிரையோடு நீந்திப் போய் ஸ்பெயினின் போர்ப் படகுகளையே பிடித்து வந்தார்கள்.

அவர்களில் பெத்ரோ கமேஹோ என்ற கறுப்பின வீரர் முன்பு மன்னர் படையில் இருந்தவர். ஏன் அங்கே போனாய் என்று பொலிவார் கேட்டபோது, "பேராசைதான்" என்றாராம். சட்டைகூட இல்லாமல் போருக்குப் போனவர்கள் நல்ல உடுப்போடும் பணத்தோடும் திரும்புவதைப் பார்த்தேன் என்று விளக்கமும் சொன்னார். பாயெஸ் எழுதிவைத்திருக்கும் இந்தப் பதில் உங்கள் கேள்விக்கும் பொருந்தும்.

கமேஹோ 1821 ஜூன் 24 அன்று, வெனிசுவேலாவின் விடுதலையை உறுதிசெய்த கரபோபோ போரில் இறந்தார். உயிரோடிருந்த வீரர்களுக்கு நிலத்துக்குப் பதிலாக, நிலம் பிறகு கிடைக்கும் என்ற அரசுப் பத்திரம்தான் வந்தது. பலர் அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். வாங்கிய தளபதிகளில் பாயெஸும் ஒருவர். அடிமைமுறை ஒழிய 1854 வரை ஆனது.